பந்தெறி கோலின் கிண்ணமும் என் பொறுமையும்

கிரிக்கெட் பயிற்சிக்கான ‘சைடு ஆர்ம்’ பந்தெறி கோல் இணைய அங்காடிகளில் விலை இறங்கியிருப்பதைக் கண்ட மலேசியாவின் தைப்பிங் நகர நண்பர் ஒருவர், தம் குழுவுக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பையன்களுக்குச் சில ஆண்டுகளாக அதைக் கொண்டே பந்து எறிந்து வருகிறேன் என்பதால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன். இந்திய அணிக்குப் பந்தெறி உதவியாளர்களான ராகவேந்திராவும் நுவன் செனவிரத்னவும் வலைப்பயிற்சியில் எறிவதைப் பார்த்தவர்களுக்குக் கோலின் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: நுனியில் பந்தைக் கவ்வும் கிண்ணம் கொண்ட நீண்ட கோல் அது.

முதலில் நியாயம். கோல் கையை நீட்டித் தருவதால் தோளை வருத்தாமலே வேகம் கிடைக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஆடுகளத்தின் இரு முனைகளிலும் உள்ள கிரீஸ் கோடுகளுக்கு இடையிலான 17.68 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.45 நொடி ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டரை மீட்டரிலிருந்து எறிந்தாலும் மட்டையாளருக்குக் கிடைப்பது அதே நேரந்தான். நல்ல வேகப்பந்து வீச்சாளர் இல்லாத தோட்டக் குழுவுக்கு இது சாதாரண உதவியன்று.

என் கோபமெல்லாம் அந்தக் கிண்ணத்தின் மீதுதான். புதிதாக இருந்தபோது பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு தாமதமாக விட்டது. எறிந்ததெல்லாம் பாதி ஆடுகளத்தில் குத்தி எழும்பியது. வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் கிடந்து கிடந்து (வேறெங்கே கிடக்கும்?) அதன் விளிம்பு விரிந்த பிறகு, பந்தை முன்னதாகவே நழுவவிட்டுப் பையன்களின் தலைக்கு நேரே, தரையில் குத்தாமல் வரும் ‘பீமராக’ அனுப்புகிறது. மாலை மழையில் நனைந்து தோல் ஊறிய பந்தென்றால் மறுபடியும் இறுக்கம். ஆகவே ஒரே பயிற்சிக்குள் இரண்டு குணங்கள். கிண்ணம் மட்டும் தனியாகக் கேட்டேன். முழுக் கோலைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். கடைசியில் மோட்டார் பட்டறைத் தம்பி ஒருவர் பழைய டியூபிலிருந்து வளையம் நறுக்கிக் கிண்ணத்தின் கழுத்தில் மாட்டிக் கொடுத்தார். பல்லாங்குழிக் காய்போல உள்ளே கலகலத்துக்கொண்டிருந்த பந்து ஓரளவு அடங்கியது.

நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் இந்தக் கோளாறிலிருந்தே பிறந்தது. கோலைத் தலைக்கு மேலாகச் சுழற்றாமல் தோள் உயரத்தில் பக்கவாட்டாகச் சுழற்றினால், முன்னதாக நழுவும் பந்து உயரே போகாமல் வலக்கை மட்டையாளரின் கால் பக்கமாக விலகி வலையில் விழுகிறது. அதாவது, பிழை நேர்ந்தாலும் தலை தப்புகிறது. சரியாக விடுபடும் பந்தோ இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மலிங்கவின் பந்தைப் போலத் தாழ்ந்து சறுக்கிக் காலடிக்கு வருகிறது. 2007 உலகக் கோப்பையில் அவர் தென்னாப்பிரிக்காவின் 4 விக்கெட்டுகளை அடுத்தடுத்த 4 பந்துகளில் வீழ்த்தியபோது, மட்டையாளர்களுக்கு அந்தத் தாழ்ந்த கோணம் எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும் என்பது எங்கள் பையன்கள் திணறுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இவ்வகை எறிதலுக்கென்றே இப்போது பயிற்சியில் தனி நேரம் ஒதுக்குகிறோம்.

இத்தனைக்குப் பிறகும், வாங்கலாமா என்ற நண்பரின் கேள்விக்கு இன்றைய என் பதில், வேண்டாம் என்பதே. நேற்று வளையமும் அறுந்துவிட்டது. கிண்ணத்தைத் தனியாக விற்காதவர்களுக்கு இன்னொரு முறை பணத்தைக் கொட்டிக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் உங்கள் பழைய கோலையாவது கொடுங்கள் என்று அவர் கேட்கக்கூடும். அதைக் கொடுப்பதாக இல்லை.