1943: ஆடிய நோட்டர் டேம், ஆடாத அலபாமா

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தியும் வீசியும் ஆடுவது) எந்த அணி தேறும் என்பது பெரும்பாலும் படைகளின் கையில்தான் இருந்தது. கல்லூரியிலேயே அதிகாரிகளை உருவாக்கும் கடற்படையின் வி-12 திட்டப் பயிற்சி மாணவர்கள் ஆடலாம். தரைப்படைப் பயிற்சி மாணவர்களுக்குத் தடை.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கடற்படைப் பயிற்சி நடந்தது. ஆனாலும் ஆறு ஆட்டம் முடிந்ததும் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) ஏஞ்சலோ பெர்டெல்லியை மரைன் படை அழைத்துக்கொண்டது. அவர் இடத்தில் இறங்கிய ஜானி லூஜாக்குக்கு வயது 18. அணி தோற்றது கடைசி ஆட்டத்தில் மட்டும். தேசிய சாம்பியன் பட்டம் கிடைத்தது.

அலபாமா பல்கலைக்கழகம் அந்த ஆண்டு அணியையே இறக்கவில்லை. 1944-இல் பெரும்பாலும் படையில் சேர வயதோ உடல்தகுதியோ இல்லாத பையன்களைத் திரட்டியது. சரி, என்ன ஆனது? பருவ முடிவில் நடக்கும் ஷுகர் பவுல் ஆட்டத்தில் கடற்படைப் பயிற்சி மாணவர்களைக் கொண்ட டியூக் பல்கலைக்கழகத்திடம் 29-26 என்றுதான் தோற்றார்கள். அலபாமாவின் ஹாரி கில்மர் வீசிய எட்டு பாஸும் கைசேர்ந்தன. 1943 பட்டம் நோட்டர் டேமுக்கு. என் ஓட்டு இந்தப் பையன்களுக்கே.