மும்மொழிப் படச்சொல் அட்டைகள்: கல்லடி வீட்டில் நான்கு மாதங்கள்

எங்கள் மகளுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. நான் மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்தவள். கணவர் அம்பாறை மாவட்டத்தின் உகனவைச் சேர்ந்த சிங்களவர். பிள்ளையுடன் நான் தமிழில் மட்டும், அவர் சிங்களத்தில் மட்டும் பேசுவதென்று அவள் பிறப்பதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். ஆனால் இருவரும் வேலை முடித்துக் களைத்து வரும் மாலைகளில் வாய்க்கு வந்த மொழியே வரும். அந்த மாலைகளுக்குக் கைகொடுக்குமென்று நகரத்துப் புத்தகக் கடையொன்றில் 1,650 ரூபாய்க்கு 60 அட்டைகள் கொண்ட மும்மொழிப் படச்சொல் தொகுதியொன்றை வாங்கினோம். நான்கு மாதம் பாவித்த பின் இதை எழுதுகிறேன்.

அட்டைகளின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. மகளின் பல்லடையாளங்கள் சில மூலைகளில் பதிந்திருக்கின்றனவே தவிர, தயிர்ச் சட்டிக்குள் விழுந்த பசுவின் அட்டைகூடத் துடைத்தவுடன் பழையபடியே இருக்கிறது. ஓர் அட்டையில் ஒரு பொருள் மட்டுமே வரையப்பட்டிருப்பதால், நாம் எதைச் சுட்டுகிறோம் என்ற குழப்பம் பிள்ளைக்கு ஏற்படுவதில்லை. ஆனால் அட்டைகளைக் கோத்திருக்கும் சிறிய உலோக வளையத்தை வாங்கிய அன்றே கழற்றிவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர்; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியதாகக் கொள்ளப்படும். இந்த வளையம் அதற்குள் தாராளமாக அடங்கும். எங்கள் அட்டைகள் இப்போது ஒரு பிஸ்கட் பேணிக்குள் இருக்கின்றன.

என் மனத்தாங்கல் தமிழ்ச் சொற்களைப் பற்றியது. கதிரையின் படத்துக்குக் கீழே 'நாற்காலி', பாணுக்கு 'ரொட்டி', சப்பாத்துக்குக் 'காலணி', அலுமாரிக்கு 'நிலைப்பேழை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இவை பிழையான தமிழல்ல. ஆனால் எங்கள் வீட்டில் ரொட்டி என்பது தேங்காய்ப்பூச் சேர்த்துத் தட்டிச் சுடுவது, நிலைப்பேழையைத் திறக்கச் சொன்னால் என் அம்மாவுக்கே விளங்காது. இரு மொழி வீட்டுக்கு இதில் வேறொரு நட்டமும் உண்டு. 1628ஆம் ஆண்டளவில் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டத் தொடங்கிய போர்த்துக்கேயர் இலங்கையின் இரு மொழிகளுக்கும் ஒரே சொற்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள்: எங்கள் பாண் சிங்களத்திலும் பான், மேசை மேசய, அலுமாரி அல்மாரிய, சப்பாத்து சப்பத்து. கதிரை மட்டும் விலக்கு, அது அங்கே புட்டுவ. அட்டைகள் எங்கள் ஊர்த் தமிழில் இருந்திருந்தால், ஒரு சொல்லைப் பழகியே பிள்ளை இரண்டு வீட்டிலும் கேட்டு வாங்கியிருப்பாள். நான்கு அட்டைகளையும் பேனாவால் திருத்திவிட்டேன். என் கையெழுத்து அச்சைப்போல் அழகாயில்லை என்பது கணவரின் கருத்து.

சிங்களச் சொற்களைத் தமிழெழுத்திலும், தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்திலும் தந்திருப்பதுதான் இத்தொகுதிக்குக் கொடுத்த காசுக்கு ஈடானது. எனக்குச் சிங்கள எழுத்து தடுமாறும், கணவருக்குத் தமிழெழுத்து அறவே தெரியாது. இருந்தும் முதல் வாரத்திலேயே ஒருவர் மொழியை மற்றவர் வாசித்துக் காட்டினோம். பூனைக்கு நம் பழைய சொல்லான பூசையும் சிங்களத்துப் பூசாவும் இவ்வளவு நெருக்கமென்று எனக்கு அன்றுதான் உறைத்தது. தமிழெழுத்து ஒலியைப் பிரித்துக் காட்டாத இடங்களில் மட்டும் ஏதேனும் குறியிட்டிருக்கலாம். நாயின் அட்டையில் 'பல்லா' என்றிருந்ததைப் 'பல்' என்பதன் ஒலியிலேயே நான் பல நாள் சொல்லிக்கொடுக்க, உகனவிலிருந்து வந்த மாமியார் சிரித்துவிட்டு, அது 'பஸ்' என்னும்போது வரும் ஒலி என்று திருத்தினார். ழகரம் சிங்களத்தில் இல்லாததால், வாழைப்பழத்தில் தகப்பனும் மகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

உறவுமுறை அட்டைகளில் வெள்ளைத் தாடி முதியவர் ஒருவரின் படத்துக்குத் தமிழில் 'தாத்தா' என்றும் சிங்களத்தில் 'சீயா' என்றும் போட்டிருக்கிறார்கள். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். மகள் கணவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள், சந்தையில் அவள் உரக்கக் கூப்பிடும்போது பக்கத்திலிருப்பவர்கள் ஒரு கிழவரைத் தேடுவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. என் தகப்பனார் இங்குள்ள வழக்கப்படி அம்மப்பா என்பதால் வீட்டுக்குள் குழப்பம் இருக்கவில்லை. இந்த அட்டை வந்த பின் இரண்டு நாட்கள், படத்தையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து "இல்ல" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். இரு மொழிப் பிள்ளைகளுக்கென்றே வெளியிடும் தொகுதியில் இந்த ஒரு சொல்லையாவது யாரேனும் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது மொழியான ஆங்கிலத்தை இதுவரை நாங்கள் தொடவில்லை. உகனவிலுள்ள வீட்டில் வைப்பதற்கு இன்னொரு தொகுதி வாங்கவிருக்கிறோம். கொண்டுபோகுமுன் வளையத்தைக் கழற்றி, நான்கு அட்டைகளைத் திருத்தி, தாத்தாவை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவேன்.