டயர் வாங்கும் முன் உள்ளே இருக்கும் மணலைக் கொட்டச் சொல்லுங்கள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர்கள், வீட்டு முற்றத்தில் பார்பெல் போட்டுப் பயிற்சி செய்பவர்கள் எல்லோரும் கவனிக்கவும். "ஜிம் டயர்" (படுக்கவைத்து ஓரத்தைத் தூக்கிப் புரட்டிப் பயிற்சி செய்யும் பெரிய டயர்) என்று சொல்லிப் பழைய டயர் விற்கும் ஒரு வியாபாரியிடம் இந்தப் பக்கத்துக் கூடம் ஒன்று ஏமாந்திருக்கிறது. கடைப் பெயர் வேண்டாம், செய்த விதம் தெரிந்தால் போதும்.

விற்றது 16.9-28 அளவு, ஜேசிபி பின்சக்கர டயர். எடை 130 கிலோ என்றார், விலையும் கிலோ கணக்கில். தராசில் ஏற்றியே காட்டினார்: 127. கூடத்துக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து உள்பக்கத்தைச் சுரண்டியதில் ஒரு சாக்கு ஈர மணல். மேலே சேறு காய்ந்து பொருக்காகக் கிடந்ததால் வெறும் அழுக்கு போலத் தெரிந்திருக்கிறது. மறுபடி எடை போட்டால் 84. ஆக, 43 கிலோ மணலை டயர் விலைக்கு விற்றிருக்கிறார். வெளியே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நகத்தால் கீறினால் கீழே பக்கச்சுவர் முழுக்க வெடிப்பு. பட்டன் (டயரின் தரையில் படும் ரப்பர் மேடு) இடுக்குகளில் சீமைக் கருவேல முள் ஒடிந்து நிற்கிறது, ஐந்தாறு இடத்தில்.

உண்மையில் மூச்சுக்கும் தாக்குப்பிடிப்புக்கும் 84 கிலோ டயரே பலருக்குப் போதும். கெடுதல் அந்த 130 என்ற எண்ணில்தான். படுத்திருக்கும் டயரின் ஒரு ஓரத்தைத் தூக்கும்போது தொடக்கத்தில் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி எடை. 84 கிலோவுக்கு 42, நிஜ 130-க்கு 65. "நான் 130 புரட்டுகிறேன்" என்று நம்பிக்கொண்டு ஒருவன் இன்னொரு கூடத்தில் நிஜ 130-ஐப் பிடித்தால், வராத டயரை வெடுக்கென்று இழுப்பான். பைசெப்ஸ் எனும் மேற்கைத் தசையின் நார் அறுவது அந்த இழுப்பில்தான்.

எடையை நீங்களே பார்த்துவிடலாம். லாரி எடை மேடை வேண்டாம், அது சிறு எடை வித்தியாசத்தைக் காட்டாது, இந்த எடைக்குச் சரிவராது. மீன் ஏலம் நடக்கும் இடத்துத் தராசு நல்லது. பெரிய தராசு இல்லையென்றால் 100 கிலோ தராசு போதும்: மேலே ஒரு கட்டை வைத்து டயரின் ஒரு ஓரத்தை அதன்மேல் கிடத்துங்கள், எதிர் ஓரத்துக்கு அதே உயரத்தில் கல் கொடுங்கள். கட்டை எடையைக் கழித்து இரண்டால் பெருக்கினால் டயர் எடை.

பக்கச்சுவரில் அளவைப் படியுங்கள். 10.00-20 என்று கோடு போட்டிருந்தால் நைலான், நடுவில் R என்ற எழுத்து இருந்தால் ரேடியல். தேய்ந்த ரேடியலில் இரும்புக் கம்பி நுனி வெளியே வந்து உள்ளங்கையைக் கிழிக்கும், உப்புக்காற்றில் துருவும் சீக்கிரம் ஏறும். டிராக்டர் நைலான் டயர் பாதுகாப்பு. லாரி டயர் படுத்தால் ஒரு அடி உயரம்கூட இராது, விரல் நுழைக்கவே முதுகை வளைக்க வேண்டும். படகு அணைக்கக் கட்டியிருந்த டயரும் விற்பனைக்கு வருகிறது. சங்கிலி ஓட்டை இருந்தால் வேண்டாம்.

டயரோடு ஒரு பயிற்சி அட்டவணையும் அந்த வியாபாரி தந்திருக்கிறார்: தினம் 100 முறை, கை ஓயும்வரை, பார்பெல்லே தேவையில்லையாம்! பார்பெல்லில் வாரம் இரண்டரை கிலோ கூட்டலாம், டயரில் எப்படிக் கூட்டுவது? பலம் பார்பெல்லில், மூச்சு டயரில். டயரை இறக்கிவைக்கும் வேலை இல்லை, தள்ளிவிட்டால் போதும். அதனால் மறுநாள் உடம்பு வலி குறைவு. அதை நம்பித் தினமும் செய்தால் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பார்பெல்லை நிமிர்ந்து தூக்குவது) நாளில் இடுப்பும் பிடியும் செத்திருக்கும்.

வாரம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. டெட்லிஃப்ட் முடித்துப் பத்து நிமிடம் கழித்து 6 முறை வீதம் 4 சுற்று, இடையில் 90 விநாடி ஓய்வு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓய்வை 15 விநாடி குறையுங்கள், 60-க்குக் கீழே போகாதீர்கள். அந்த நாளில் டெட்லிஃப்ட் 5 செட் போடுபவர் 3 போதும். டயர் பாதியில் நின்றால் சுற்றும் அங்கேயே முடிந்தது.

அட்டவணையில் "டெட்லிஃப்ட் போலத் தூக்கவும்" என்றிருக்கிறது. அது தப்பு. பாதத்தை ஒரு அடி பின்னால் வைத்து, மேல்நெஞ்சையும் தோளையும் டயரில் அழுத்தி, தாடையை மேலே வையுங்கள். கை அகலமாக, முழங்கை நேராக. மேல்நோக்கி இழுக்காமல் முன்னும் மேலுமாகச் சாய்வாகத் தள்ளுங்கள். இடுப்பு உயரம் வந்ததும் ஒரு தொடையால் முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைத் திருப்பித் தள்ளுங்கள். டயர் உங்கள் பக்கமே திரும்பி விழுந்தால் பிடிக்காமல் விலகுங்கள். கடற்கரை மணலில் வேண்டாம்: ஓரம் புதையும், கால் வழுக்கும். கெட்டியான செம்மண் தரை நல்லது. வெயில் ஏறினால் கறுப்பு ரப்பர் கையைச் சுடும், காலை ஏழுக்குள் முடியுங்கள்.

வாங்கியதும் இரு பக்கச்சுவரிலும் நான்கு நான்கு ஓட்டை, 12 மில்லிமீட்டர், பீடிங் கம்பியில் (டயரின் உள்வட்ட விளிம்புக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) படாமல் போடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் வளரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வெளியில கெடந்த டயரு, கொஞ்சம் மண்ணு இருக்கத்தான் செய்யும்" என்றாராம். கையில் ரசீது இல்லை. நீங்கள் வாங்கினால் அளவும், மணல், தண்ணீர் நீக்கிய பிறகான எடையும் எழுதிய ரசீது கேளுங்கள். அது இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது காட்ட ஏதாவது இருக்கும்.