ஏறும் பட்ஜெட், இறங்கும் பட்ஜெட், அசையாத பட்ஜெட்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் எடையைக் குறைக்க ஃபிட்னஸ் பேண்ட் கட்டியவர்களில் பலருக்கும் ஒரே சந்தேகம்தான். "இன்று இத்தனை கலோரி சாப்பிடலாம்" என்று காட்டும் எண் ஏன் நேரத்துக்கு நேரம் மாறுகிறது? காரணம், அந்த பட்ஜெட்டைப் போட மூன்று வழிகள் இருக்கின்றன. எது நம் கையில் ஓடுகிறது என்று பலர் பார்ப்பதே இல்லை.

மூன்றுக்கும் அடிக்கணக்கு ஒன்றுதான். 40 வயது, 155 செ.மீ. உயரம், 68 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1990-இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் அவர் உடல் சுமார் 1,288 கலோரி செலவழிக்கும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் அதை 1.2-ஆல் பெருக்க வேண்டும்: 1,545. இதிலிருந்து எவ்வளவு குறைத்துச் சாப்பிடுகிறோமோ அதுதான் எடைக் குறைப்பு. ஃபிட்பிட் என்ற பேண்டின் உணவுத் திட்டத்தில் இதற்கு நாளுக்கு 250, 500, 750, 1,000 என்று நான்கு படிகள் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் 500-ஐத் தேர்ந்தால் மிஞ்சுவது 1,045. டாக்டரைக் கேட்காமல் பெண்கள் 1,200-க்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. அதனால் அவருக்கு 250 படிதான் சரி. சாப்பிடக் கிடைப்பது 1,295.

இனி முதல் வகை, ஏறும் பட்ஜெட். காலையில் 'இவர் அசையவே மாட்டார்' என்று வைத்துக்கொண்டு குறைந்த எண்ணில் தொடங்கும். நடக்க நடக்கக் கூட்டிக் கொடுக்கும். உழைத்த பிறகு கூலி, நேர்மையான ஏற்பாடு. ஆனால் கூட்டிக் கொடுக்கும் தொகை சரியா என்பதில்தான் சிக்கல். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரிச் செலவில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

மலையில் இது இன்னும் தடுமாறும். உயரமானியோ துடிப்பு சென்சாரோ இல்லாத மலிவு பேண்டுக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றே. மேலே ஏறிய ஆயிரம் காலடிக்கும் கீழே இறங்கிய ஆயிரம் காலடிக்கும் ஒரே கலோரி போட்டுவிடும். உயரமானி உள்ளதிலும் பலத்த காற்றடித்தால் ஏறாத மாடிகள் கணக்கில் விழலாம். ஊட்டிக் குளிரில் கை விறைத்துப்போனால் தோலடியில் ரத்த ஓட்டம் குறையும், பச்சை விளக்கு சென்சார் துடிப்பைச் சரியாகப் பிடிக்காது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, ஸ்வெட்டர் கைக்குள் கட்டிக்கொண்டால் கொஞ்சம் தேவலை. தலையில் கேரட் மூட்டையோடு ஏறினீர்களா, வெறுங்கையோடு ஏறினீர்களா என்பதோ அதற்குத் தெரியவே தெரியாது.

ஏற்றத்தின் உண்மையான விலையை நாமே போட்டுப் பார்க்கலாம். 68 கிலோ உடலை 100 மீட்டர் செங்குத்து உயரம் தூக்க 16 கலோரி வேலை. தசை, தான் செலவழிப்பதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் உடலுக்கு ஆகும் செலவு சுமார் 64. சமதளத்தில் நடந்தாலே ஆகும் செலவு இதற்கு மேல் தனி. மேலே வந்து குடிக்கும் ஒரு டம்ளர் டீயில் 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் இருந்தால் அதுவே நூறை ஒட்டி வந்துவிடும். "அக்கா, பேண்டில் இன்னும் முந்நூறு பாக்கி காட்டுதே" என்று பேக்கரியில் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரிப்பவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்குதான் எனக்கு ஞாபகம் வரும். ஏறும் பட்ஜெட்டை வைத்துக்கொள்வதென்றால், கூட்டிக் கொடுத்ததில் பாதியை மட்டும் சாப்பிடுங்கள்.

இரண்டாவது வகை, உங்கள் பழைய நாட்களைப் பார்த்து இன்றைக்கு முன்கூட்டியே கணிப்பது. செயலியில் 'உங்களுக்கேற்ற' என்ற மாதிரி பெயரில் இருக்கும். காலையிலேயே தாராளமான எண். நீங்கள் வழக்கம்போல் நடக்காவிட்டால் பொழுது சாயச் சாய அது இறங்கும். தினமும் கொழுந்து பறிக்கப் போகிறவர், சந்தையில் நின்றே வியாபாரம் பார்ப்பவர் என்று நாளுக்கு நாள் அதிகம் மாறாத வேலைக்காரர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்களுக்கு? ஐப்பசி அடைமழையில் வீட்டோடு கிடக்கும் வாரத்தில், போன வார வெயிலை நம்பி பேண்ட் கணக்குப் போடும். காலை உணவு உள்ளே போன பிறகு சாயங்காலம் பட்ஜெட் சுருங்கினால் இரவுச் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும். இந்த மலைக்கு மூன்றில் மோசமானது இதுதான் என்பேன்.

மூன்றாவது, பேண்டைக் கேட்காமல் நாமே ஓர் எண்ணை எழுதிவைப்பது. நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே எண். கொடைக்கானலில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் நடை மாறுகிறவருக்கும் நான் சொல்வது இதுதான். பசிக்கிற நாளில் கொஞ்சம் கடுமையாகத் தெரியும். நீண்ட ஏற்றம் ஏறிய அன்று நூறு, நூற்றைம்பது கூட்டிக்கொண்டால் ஒன்றும் கெட்டுவிடாது. பேண்டை அப்போது நடை எண்ணவும் தூக்கம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், எந்த வகையாக இருந்தாலும், உணவைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த எண் சரிதானா என்று எடை மெஷின் சொல்லும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்து வாரச் சராசரி எடுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 250 குறைத்தால் மாதம் ஒரு கிலோ இறங்க வேண்டும். ஒரு மாதமாகியும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் தாளிக்கும் எண்ணெய் கணக்கில் வராமல் போயிருக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. அதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். எடை 5 கிலோ குறைந்ததும் அதே சூத்திரப்படி நாள் செலவு 60 கலோரி குறைந்திருக்கும். எண்ணைத் திருத்த வேண்டியது அப்போதுதான்.