தியாரேவா, அடுக்கு கார்டீனியாவா?

கடலோரத் தோட்டத்துக்கு மணக்கும் வெள்ளைப் பூ வேண்டுமென்றால் போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டுமே காப்பிக் குடும்பம். வாசனையில் எதையும் குறை சொல்ல முடியாது. சீனா, ஜப்பான் வழி வந்த அடுக்கு வகை ரோஜாபோல மடிந்து நிற்கும். பசிபிக் தீவான தாஹிட்டியின் தியாரே ஆறேழு இதழோடு காற்றாடிபோல விரியும். பார்க்க ஒற்றை நந்தியாவட்டை மாதிரியே இருக்கும். ஆனால் இலையைக் கிள்ளினால் நந்தியாவட்டையில் பால் வடியும், தியாரேயில் வடியாது.

எங்கள் ஓட்டு தியாரேவுக்கு. காரணம் மண்.

அடுக்கு கார்டீனியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும். அமில காரக் குறியீடு (pH) 5 முதல் 6.5 வரை. பவளத்தூளும் கிளிஞ்சலும் கலந்த தீவு மண்ணில் அது 7-ஐத் தாண்டிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. முதலில் கொழுந்திலைதான் காட்டும்: நரம்பு பச்சையாக நிற்க, நடுப்பகுதி எலுமிச்சை மஞ்சளாகும். தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டால் மஞ்சள் போகாது. வேர் எடுக்கும்படி பிணைத்த இரும்பு (chelated iron) வாங்கி ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் சுண்ணாம்பு கலந்த கடின நீராக இருந்தால் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரவிலும் வெக்கை நீடித்தால் மொட்டு உதிர்வது தனித் தொல்லை. தியாரேயோ பசிபிக் தீவுகளின் சுண்ணாம்புக் கரையிலும் வளர்ந்து பழகியது. இந்தப் பராமரிப்பில் பெரும்பகுதி அதற்குத் தேவையில்லை. ஆண்டு முழுக்கப் பூக்கும்.

குளிர் மட்டும் ஆகாது. பனி உறையும் ஊருக்கு அடுக்கு வகையே சரி. குளிர்ந்த மலையூர்களில் தியாரே தாங்குமா என்று கேட்டால், தொட்டியில் வைத்துப் பாருங்கள் என்பதற்கு மேல் உறுதி தர முடியாது.

தியாரேயில் காய் பிடிப்பது அரிது என்பதால் குச்சியோ பதியனோதான் வழி. அரைமுற்றலான கிளையில் 12 முதல் 15 செ.மீ. வெட்டி, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். முழு இலை நீரை இழுத்து, வேர் விடுமுன்பே குச்சியை வாட்டிவிடும். ஆற்று மணலும் நார்க்கழிவும் சம அளவில் கலந்து நட்டு, நிழலில் ஈரப்பதத்தோடு வைத்தால் சுமார் இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். தரையில் இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள். மூடாக்கு நாலு விரல் உயரம் இருக்கட்டும், தண்டைத் தொடக் கூடாது. தொட்டால் அடி அழுகும். இலையில் கரிபோன்ற கறுப்புப் பூசணம் படிந்தால் அடிப்புறம் திருப்பிப் பாருங்கள்: செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். கரியைத் துடைப்பது வீண் வேலை, பூச்சிக்குச் சோப்புக் கரைசல் அடியுங்கள்.

தேங்காயெண்ணெயில் தியாரேயை ஊறவைத்துச் செய்யும் தாஹிட்டியின் மொனொய் எண்ணெய் தயாரிக்கும் எண்ணம் இருந்தால் மொட்டாகவே பறிக்க வேண்டும். 1992-இல் பதிவான தாஹிட்டி விதிப்படி ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்க்குக் குறைந்தது 10 பூ, 10 நாள் ஊறல். வீட்டில் செய்கிறவர்கள் பனி ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் போடுங்கள். ஈரம் தங்கினால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.