ஒரே வவுச்சர், நான்கு கைகள்: கணக்கு வேலைக்கு எந்தப் படிப்பு?

கணக்கு எழுத ஆள் எடுக்கும்போது நான் முதலில் சான்றிதழைப் பார்ப்பதில்லை. ஒரு வவுச்சரை, அதாவது பணம் போனதற்கான சீட்டை, நீட்டுவேன். ஓராண்டுக் காப்பீட்டுக்காக வங்கியிலிருந்து 12,000 போயிருக்கிறது. ஆண்டுக் கணக்கு முடிய இன்னும் 3 மாதம். "இதற்குப் பதிவு போடுங்கள், ஆண்டுக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள்." கேள்வி அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்கும் விடை சிறியது. இன்று காப்பீட்டுக் கணக்கில் பற்று (டெபிட்), வங்கிக் கணக்கில் வரவு (கிரெடிட்). ஆண்டு முடியும்போது 3,000 மட்டும் செலவாக நிற்கும். மீதி 9,000 முன்கூட்டிச் செலுத்தியது என்று சொத்துப் பக்கம் போகும். இதை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதிலேயே அவர்கள் எந்த வழியில் படித்து வந்தவர்கள் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கணக்குத் துறைக்குள் வர எந்தப் படிப்பு நல்லது என்று கேட்பவர்களுக்கு, இந்த ஒரு வவுச்சரை வைத்தே வழிகளை ஒப்பிட்டுக் காட்டுகிறேன்.

மென்பொருள் குறுகியகாலப் பயிற்சி

சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டுமென்றால் இதை மிஞ்சிய வழி இல்லை. சில மாதங்களில் பில் போடுவது, சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், வங்கிச் சரிகட்டல் எல்லாம் திரையில் கைவந்துவிடும். இவர்களுக்கு விசைப்பலகைக் குறுக்குவழிகள் மனப்பாடம். என் வவுச்சரைக் கொடுத்தால் முப்பது நொடியில் பேமென்ட் பதிவு முடிந்திருக்கும்.

முடிந்தது என்று அவர்கள் நினைப்பதில்தான் சிக்கல். 12,000 முழுவதும் செலவில் உட்கார்ந்திருக்கும், மென்பொருளும் வாய் திறக்காது. பற்றும் வரவும் சமமாக இருக்கும்வரை அதற்குக் கவலை இல்லை. இன்னொரு மென்பொருளுக்கு நிறுவனம் மாறும் நாளில் இவர்களில் பலர் தடுமாறுவதற்கும் இதே காரணம்தான். கற்றது கணக்கை அல்ல, பொத்தான் இருக்கும் இடத்தை.

எல்லாப் பயிற்சியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். சேர்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கணினியைத் தொடுவதற்கு முன் குறிப்பேடு (நாள்வாரிப் பதிவு), பேரேடு (கணக்குவாரித் தொகுப்பு), இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) மூன்றையும் தாளில் எழுத வைப்பார்களா? ஆம் என்றால் தாராளமாகச் சேரலாம்.

தாளில் எழுதுவது பழைய காலத்துப் பிடிவாதம் அல்ல. இருப்பாய்வில் வரும் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். 5,400ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது இருந்தால், பற்றில் போட வேண்டியது வரவில் போயிருக்கலாம். கையால் எழுதித் தவறு செய்தவருக்கு இந்த மோப்பம் தானாக வரும். மென்பொருளில் இருப்பாய்வு எப்போதும் சமமாகவே காட்டுவதால், அதில் மட்டும் பழகியவருக்கு இதைக் கற்க வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆனால் வங்கி அறிக்கையோடு ஒப்பிட உட்காரும்போது இதே 900 வேறு வேடத்தில் வந்து நிற்கும்.

பட்டப்படிப்பு

பட்டதாரி என் வவுச்சருக்கு அழகாகப் பதில் சொல்வார். எந்தக் காலத்து வருமானமோ அந்தக் காலத்துச் செலவோடுதான் அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கோட்பாட்டிலிருந்து தொடங்குவார். 9,000ஐயும் பிசகாமல் சொல்வார், நான் கேட்டதால்.

கேட்காவிட்டால்? வகுப்புக் கணக்குகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேலே இருப்பாய்வு, அதற்குக் கீழே "சரிக்கட்டுதல்கள்" என்று ஒரு பட்டியல்: முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு இவ்வளவு, கொடுபட வேண்டிய சம்பளம் இவ்வளவு, தேய்மானம் இத்தனை விழுக்காடு. அலுவலகத்தில் இந்தப் பட்டியலை யாரும் எழுதித் தருவதில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் சம்பளம் வாங்கும் வேலை. மூன்று, நான்கு ஆண்டுகள் பட்டியல் கையில் இருந்தே பழகியவருக்கு முதல் ஆண்டு அலுவலக வாழ்க்கை கொஞ்சம் கசக்கும். தேதியில்லாத பில், ஒரே எண்ணில் இரண்டு பில், முதலாளியின் சொந்தச் செலவு, மூன்றும் ஒரே கட்டில் வரும்.

அதற்காகப் பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சட்டம், பொருளியல், அடக்கவிலை, தணிக்கை என்று அகலமாகப் பார்க்க வைப்பது அதுதான். பெரிய நிறுவனங்களின் முதல் வடிகட்டலைத் தாண்டி உள்ளே போகவும் பெரும்பாலும் அதுதான் உதவுகிறது. விடுமுறைகளில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் போய் உட்கார்ந்த பட்டதாரிக்கும் உட்காராதவருக்கும் உள்ள தூரம், மதிப்பெண்ணில் தெரியாது.

தொழில்முறைத் தேர்வுகள்

பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) என்ற தொழில் 1854இல் எடின்பரோவில் அரச சாசனம் பெற்ற சங்கத்திலிருந்து கிளைத்தது. லண்டனில் 1904இல் தொடங்கிய கணக்காளர் சங்கம்தான் இன்றைய ஏசிசிஏ. இந்த வழியின் பலம் வேலையையும் படிப்பையும் ஒரே கயிற்றில் கட்டுவது. ஏசிசிஏவில் 13 தாள்களைத் தேர்ந்தால் மட்டும் உறுப்பினராக முடியாது, 36 மாத அனுபவமும் காட்ட வேண்டும். அதனால்தான் இந்த வழியில் வந்தவர்கள் கேட்காமலேயே 9,000ஐத் தேடுகிறார்கள். மாதக் கடைசியில் மேலதிகாரியிடம் ஒருமுறை மாட்டியிருப்பார்கள்.

விலையும் உண்டு. வேலை முடிந்து வந்து இரவில் படிக்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு முறை தவறினால் குடும்பமே ஏன் என்று கேட்கும். நடுவில் நின்றுபோனவர்கள் ஏராளம், நின்றுபோன இடத்துக்குச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை.

இங்கேதான் பலர் கவனிக்காத படி ஒன்று இருக்கிறது: கணக்குத் தொழில்நுட்பர் என்ற இடைநிலைத் தகுதி. பிரிட்டனில் 1980இல் உருவான ஏஏடி என்ற கணக்குத் தொழில்நுட்பர் சங்கத்தின் தேர்வுகள் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு நிலையிலும் நின்றால்கூட அந்த நிலைக்குரிய தகுதி கையில் இருக்கும். மேலே போக விரும்பினால் பெரிய தேர்வில் சில தாள்களுக்கு விலக்கும் கிடைக்கும். முழுப் பட்டயக் கணக்காளராகும் உறுதியா, வெறும் ஆசையா என்று தனக்கே தெரியாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

தொழில்நுட்பப் பக்கம்

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். பதிவு போடும் வேலையை இயந்திரம் செய்துவிடுமே, பிறகு எதற்குப் படிப்பு?

பயம் புதிதல்ல. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 702 தொழில்களை வரிசைப்படுத்தியபோது, கணக்குப் பதிவு எழுத்தர் வேலை தானியங்கியிடம் போவதற்கான சாத்தியத்தை 98 விழுக்காடு என்றார்கள். கணக்காளருக்கும் தணிக்கையாளருக்கும் 94. பட்டம் வாங்கி ஒதுங்கிக்கொள்ள அந்த நான்கு விழுக்காட்டில் அதிக நிழல் இல்லை.

பில்லைப் படம் பிடித்தால் தொகையை வாசிக்கும் கருவி வந்துவிட்டது. வங்கி அறிக்கையின் பதிவுகள் தாமாக இறங்கி, போன மாதம் எந்தக் கணக்கில் போட்டோமோ அதிலேயே போய் விழுகின்றன. அதாவது, போன மாதம் தவறாகப் போட்டிருந்தால் இந்த மாதமும் அதே தவறு, இன்னும் வேகமாக. இந்த இடத்தில்தான் புது வேலைகள் முளைக்கின்றன. கணக்குத் தலைப்புகளின் அமைப்பை வடிவமைப்பது, பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தொடக்க இருப்புகளை ஒரு காசு பிசகாமல் மாற்றுவது, யார் பதிவு போடலாம், யார் ஒப்புதல் தரலாம் என்று உரிமைகளைப் பிரிப்பது, தகவல் அமைப்புகளைத் தணிக்கை செய்வது. கடைசியில் சொன்னதற்கு ஐசாக்கா என்ற சர்வதேச அமைப்பு நடத்தும் சிசா சான்றிதழ் உலகம் முழுவதும் செல்லும்.

நிரல் எழுதத் தெரிந்தவரும் இந்தப் பக்கம் வருகிறார், கணக்குத் தெரிந்தவரும் வருகிறார். யாருக்கு எளிது? என் கணிப்பு, கணக்குத் தெரிந்தவருக்கு. எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் தரவைக் கேட்டு வாங்குவதைச் சில மாதங்களில் பழகலாம். எது செலவு, எது சொத்து என்ற தீர்ப்பு அவ்வளவு சீக்கிரம் வராது.

அந்தத் தீர்ப்பின் எடைக்கு வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் சாட்சி. பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தைச் செலவில் எழுதாமல் சொத்தாக எழுதினார்கள். 2002 ஜூனில் வெளியே வந்த தொகை 380 கோடி டாலர், பிறகு அது இன்னும் வளர்ந்தது. பற்றும் வரவும் ஒவ்வொரு பதிவிலும் கச்சிதமாகச் சமம். எந்த மென்பொருளும் மணி அடிக்கவில்லை. உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவர் குழுவும் பதிவுகளைத் துருவிக் கண்டுபிடித்தார்கள்.

நேராக ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்பவர்களும் உண்டு. நல்ல மேலாள் வாய்த்தால் அதற்கு ஈடு இல்லை, வாய்க்காவிட்டால் பத்து வருடம் கோப்பு அடுக்கிக்கொண்டிருக்கலாம். அதை வழி என்று பரிந்துரைக்க எனக்குத் தைரியமில்லை, மற்ற எந்த வழியோடும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. உடனே சம்பளம் வேண்டும் என்பவர் தாளில் தொடங்கும் மென்பொருள் பயிற்சியில் சேரட்டும், வேலை கிடைத்த கையோடு தொழில்நுட்பர் தேர்வுக்குப் பதியட்டும். வீட்டில் மூன்று ஆண்டு தாங்கும் என்றால் பட்டம், ஆனால் விடுமுறைகள் தணிக்கை அலுவலகத்துக்கு. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்ற ஆசை இருப்பவர் மட்டும் பட்டயக் கணக்காளர் வழியில் இறங்கட்டும். தொழில்நுட்பப் பக்கம் போக நினைப்பவர், குறைந்தது ஓர் ஆண்டுக் கணக்கையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே மூடிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒருமுறை ஒரு பெண் வந்திருந்தார். குறுகியகாலப் பயிற்சி, பிறகு ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தில் ஓராண்டு. பட்டம் இல்லை. வவுச்சரை வாங்கிப் பார்த்தார், பேனாவைத் தொடவில்லை.

"பாலிசி எந்தத் தேதியிலிருந்து சார்?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"இது பணம் கட்டின தேதிதான். பாலிசி அடுத்த மாதம் தொடங்கினால் இந்த வருஷத்துக்கு 2,000தான் வரும், 10,000 அடுத்த வருஷத்துக்குப் போகும். பாலிசி நகல் இருந்தால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

9,000 என்று விடை எழுதி வைத்திருந்த தாளை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.