போர்ட்டைப் பெரிதாக்குவதா, வால்வு சீட்டைத் திருத்துவதா?

எஞ்சினில் வால்வுகள் அமைந்த மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில் காற்றோட்டம் கூட வேண்டும் என்றதும் பலரும் கிரைண்டரை எடுத்து, காற்று செல்லும் வழியான போர்ட்டின் வாயைத்தான் அகலப்படுத்துவார்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும், பலன் குறைவு. வால்வு சற்றே திறந்திருக்கும்போது காற்றை நெருக்குவது வால்வுக்கும், மூடும்போது அது அமரும் சீட்டுக்கும் நடுவிலுள்ள வளைய இடைவெளி. லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) வால்வு விட்டத்தில் கால் பங்கை எட்டினால்தான் அந்த இடைவெளியின் பரப்பு வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகும்: 32 மி.மீ. வால்வுக்கு 8 மி.மீ.

ஆகவே 30-45-60 டிகிரி மூன்று கோண சீட்டும், அதற்குக் கீழே பவுலில் (சீட்டை ஒட்டிய போர்ட் குழிவு) நிற்கும் கூர்விளிம்பை இழைத்துச் சேர்ப்பதும் முந்திக்கொள்ளும். சீட்டுக்குக் கீழுள்ள குறுகிய இடமான தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85–90 சதவீதம் போதும். மீறினால் சீட்டுக்கு இடமிருக்காது.

வால்வை அதிக உயரம் திறக்கும் கேமும் உயர் ஆர்.பி.எம்.மும் இருந்தால் அகலமான போர்ட் தேவைப்படும். ஆனால் காற்றின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை சோர்ந்துவிடும். போர்ட் வால்வை நோக்கித் திரும்பும் இடத்தின் உள்வளைவைத் தோண்டுவது பெருந்தவறு: திருப்பம் கூர்மையாகி, காற்று சுவரை விட்டுப் பிரியும். சுவர் மெலிந்தால் கூலன்ட் அறைக்கே ஓட்டை விழும். (காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டில் கண்ணாடி போன்ற பாலிஷ் கண்ணுக்கு மட்டும்தான்.)

எதைச் செய்தாலும், காற்றோட்டத்தை அளக்கும் கருவியான ஃப்ளோ பெஞ்சில் முன்னும் பின்னும், 1 மி.மீ. லிஃப்ட் படிகளில், 28 அங்குல நீர் அழுத்தத்தில் அளக்கவும். 10 அங்குலத்தில் எடுத்த காற்றோட்ட எண்ணை 1.67ஆல் பெருக்கினால் ஒப்பிடலாம். இன்டேக் வாயில் களிமண்ணால் உருண்ட விளிம்பு வைக்காவிட்டால் எண் குறைவாகவே காட்டும். லிஃப்ட் ஏறியும் எண் நின்றுவிட்டால் முதலில் உள்வளைவைப் பாருங்கள்.